எந்த விண்மீன் மங்கியது? எல்லையோரக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கமும், எல்லைக்கு அந்தப் பக்கம் குப்பம், சித்தூர் வரையிலும் உள்ள கல்லூரிகளின் இயற்பியல் துறைத் தலைவர்களுக்கும், வானியல் மன்றப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலரிடம் எட்டு அங்குல டெலஸ்கோப் ஒன்று இருக்கிறது. அறிவியல் தினத்தன்று வெளியே வந்து நிலாவையும் வியாழனையும் காட்டிவிட்டு மறுபடி பெட்டிக்குள் போய்விடுகிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அதை ஒரே வேலைக்கு ஒதுக்கித் தரும்படி கேட்கவே இதை எழுதுகிறோம். ஒரு கோள் தன் விண்மீனின் குறுக்கே கடக்கும்போது அதன் ஒளி சற்றுக் குறையும். ஒன்றாகப் பிறந்த விண்மீன்களின் கூட்டமான கொத்துகளில், இப்படிக் கோள் இருக்கலாம் என்று சந்தேகம் எழும் இடங்களில், உண்மையில் ஒளி குறைவது எந்த விண்மீனுக்கு என்று பார்த்துச் சொல்லும் வேலை அது.

புதுக் கோளைக் கண்டுபிடிக்கலாம் என்று மாணவர்களிடம் ஆசை காட்டாதீர்கள். கணக்கு ஒத்துவராது. சூரியனைப் போன்ற நூறு விண்மீன்களில் ஒன்றுக்கோ, அதற்கும் குறைவாகவோதான் நெருங்கிச் சுற்றும் வியாழன் அளவுக் கோள் உண்டு. அதன் பாதை நம் பார்வைக் கோட்டில் விழும் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆக, ஆயிரத்துக்கு ஒன்று. பூச நட்சத்திரத்தை ஒட்டியிருக்கும் எம்44 கொத்தில், சின்னதும் பெரியதும் சேர்த்தே ஏறத்தாழ ஆயிரம் விண்மீன்கள்தான். அவற்றில் பெரும்பாலானவற்றை 2015-ல் கோள் தேடும் கெப்ளர் விண்கலம் இரண்டரை மாதம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டது. அது தவறவிட்டதை நம் எட்டு அங்குலம் பிடிக்கப் போவதில்லை.

பிறகு ஏன் கொத்து? தனி விண்மீனின் வயதைச் சொல்வது மிகவும் கடினம். கொத்தில் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றின் வயது தெரிந்தால் எல்லாவற்றின் வயதும் தெரியும். கார்த்திகைக் கொத்துக்கு வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். ரோகிணியின் பின்னணியில் தெரியும் ஹையடீஸ் கொத்தும் பூசக் கொத்தும் அறுபது, எழுபது கோடி ஆண்டு. ஆயில்யத்துக்குப் பக்கத்தில் உள்ள எம்67 சுமார் நானூறு கோடி, கிட்டத்தட்ட நம் சூரியனுக்குச் சமவயது. ஒரு கோள் பிறந்து எத்தனை காலத்தில் சுருங்குகிறது, எப்போது தன் காற்றை இழக்கிறது என்பதற்கு இந்தக் கொத்துகள்தான் அளவுகோல். ஹையடீஸில் ஒரு செங்குறுமீனை (சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீனை) மூன்றரை நாளில் சுற்றும் கே2-25பி என்ற கோள், குறுக்களவில் பூமியைப் போல் சுமார் மூன்றரை மடங்கு பெரியது. வயதான செங்குறுமீன்களிடம் இந்தப் பருமனுள்ள கோள் அரிது. பூசக் கொத்தின் கே2-100பி, தன் விண்மீனின் வெப்பத்தில் காற்றை இழந்துகொண்டிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இப்படி வயது தெரிந்த கோள்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் உள்ளன. அதனால் பட்டியலில் ஒரு போலி நுழைந்தாலும் முடிவுகள் சாய்ந்துவிடும்.

போலி நுழையும் வழி இதுதான். 2018-ல் ஏவப்பட்ட, கோள் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் வானத்தில் 21 ஆர்க்விநாடி (ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆர்க்விநாடி). கொத்து நெரிசலில் ஒரே பிக்சலுக்குள் இரண்டு மூன்று விண்மீன்கள் விழும். மேக்னிட்யூட் என்பது விண்மீனின் பிரகாச அளவு, எண் கூடக் கூட மங்கல். 11-ஆம் மேக்னிட்யூட் விண்மீன் ஒன்று, அதன் பக்கத்தில் 16-ஆம் மேக்னிட்யூடில் மங்கலான ஓர் இரட்டை விண்மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னது முன்னதைவிட நூறு மடங்கு மங்கல். இரட்டையில் ஒன்று மற்றொன்றை மறைத்து அதன் ஒளி பாதியாகும்போது, கூட்டு ஒளியில் தெரிவது அரைச் சதவீதக் குறைவு. டெஸ் கண்ணுக்கு அது பிரகாசமான விண்மீனை ஒரு கோள் கடப்பதுபோலவே தெரியும்.

இங்கேதான் உங்கள் டெலஸ்கோப்புக்கு வேலை. எட்டு அங்குலத்தில் 60 வினாடி எக்ஸ்போஷருக்கு அந்த 11-ஆம் மேக்னிட்யூட் விண்மீனிலிருந்து சுமார் மூன்று லட்சம் எலெக்ட்ரான்கள் கிடைக்கும். காற்றின் மினுக்கலையும் சேர்த்தால் ஒரு படத்துக்குப் பிழை 0.2 சதவீதம். அரைச் சதவீதக் குறைவை அதில் நம்பிக்கையாகச் சொல்ல நல்ல இரவு வேண்டும். 16-ஆம் மேக்னிட்யூட் விண்மீனில் பிழை மூன்று சதவீதம் வரை போகும். ஆனால் அங்கே நீங்கள் தேடுவது ஐம்பது சதவீதக் குறைவு! மூன்று சதவீதப் பிழையில் பாதி ஒளி போவது பளிச்சென்று தெரியும். கோளைப் பிடிக்க முடியாத கருவி போலியைப் பிடித்துவிடும். குறித்த விண்மீனைச் சுற்றி இரண்டரை ஆர்க்நிமிடத்துக்குள் (ஓர் ஆர்க்நிமிடம் 60 ஆர்க்விநாடி), கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) போட்டு, ஒன்றும் மங்கவில்லை என்று காட்டினால் அதுவும் முழு முடிவுதான்.

இனி கருவி. 8 அங்குல எஃப்/10 குழாயில் குவியத் தூரத்தைக் குறைக்கும் 0.63 ரெட்யூசர் லென்ஸ் போட்டால் குவியத் தூரம் 1,280 மி.மீ. அருகில் வரும். 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள, குளிரூட்டும் மோனோ கேமராவில் ஒரு பிக்சலுக்கு 0.6 ஆர்க்விநாடி. 23.5-க்கு 15.7 மி.மீ. சென்சார் என்றால் ஒரு டிகிரிக்கு முக்கால் டிகிரி வானம் ஒரே படத்தில் அடங்கும். சிவப்பு ஃபில்டர் போதும். நிலவொளியும் தூசியும் அதில் குறைவாக உறுத்தும். கடப்பை (கோள் விண்மீனைக் கடப்பதை) படமெடுக்கும்போது ஃபோகஸைச் சற்றுக் கலைத்து வைக்கச் சொல்வது வழக்கம். கொத்தில் அதைச் செய்யவே கூடாது. கலைத்தால் பக்கத்து விண்மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எதைப் பிரிக்க வந்தோமோ அதுவே போய்விடும். ஃபோகஸ் கூர்மையாகவே இருக்கட்டும். ஒரு பிக்சலின் உச்ச எண்ணிக்கை, கேமராவின் வரம்பான 65,535-ல் நாற்பதாயிரத்தைத் தாண்டாதபடி எக்ஸ்போஷரை வையுங்கள். பூசக் கொத்தின் 6, 7, 8 மேக்னிட்யூட் விண்மீன்கள் எப்படியும் நிரம்பி வழியும். அவற்றை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். அவற்றில் பல தாமாகவே துடிப்பவையும்கூட. 10-லிருந்து 12 மேக்னிட்யூடுக்குள், நிறம் ஒத்த ஐந்தாறு விண்மீன்களைத் தேர்ந்தெடுங்கள்.

அதிகம் கெடுவது, டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுன்ட் விஷயத்தில். நம் அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி. கல்லூரிகள் பெரும்பாலும் வாங்கிவைத்திருக்கும் ஒற்றைக் கை ஆல்ட்-அசிமத் மவுன்ட் (மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்புவது) இந்த வேலைக்கு ஆகாது. பூசக் கொத்து நம் உச்சிக்கு ஏழு டிகிரி வடக்கே கடக்கும். எம்67 உச்சிக்கு ஒரு டிகிரிக்குள். உச்சியருகே அந்த மவுன்ட் தலைதெறிக்கச் சுழலும், படமும் சுழலும். ஓர் அச்சைத் துருவத்தை நோக்கி வைத்துச் சுழலும் ஜெர்மன் ஈக்வடோரியல் மவுன்ட் தேவை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: அச்சு இவ்வளவு தாழ்வாகப் படுக்கும்போது எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். நள்ளிரவில் மோட்டார் திணறி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். எனவே முக்காலியை விட்டுவிட்டு, மொட்டைமாடியில் பில்லர் தலைக்கு நேர் மேலே, நான்கடி உயரத்தில் கான்கிரீட் தூண் ஒன்று போடுங்கள். தளத்தின் நடுவில் போட்டால் யாராவது நடந்தாலே படம் ஆடும்.

துருவ நட்சத்திரம் பன்னிரண்டு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மலையோ தெருவிளக்கோ மறைக்கும். தெரிந்தாலும் காற்றின் ஒளிவிலகல் அதை நான்கு ஆர்க்நிமிடம் தூக்கிக் காட்டும். விண்மீன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத் திருத்தும் டிரிஃப்ட் முறையில் அச்சைச் சரிசெய்யுங்கள், ஒரு மாலை முழுக்கப் போனாலும் பரவாயில்லை. கைடிங் (ஒரு விண்மீனைக் கண்காணித்து மவுன்ட்டைத் தொடர்ந்து திருத்துவது) கட்டாயம்: ஒரே விண்மீன் இரவு முழுவதும் அதே ஐந்தாறு பிக்சலுக்குள் நிற்க வேண்டும். உச்சி தாண்டும்போது மவுன்ட் குழாயைப் புரட்டிப்போடும், விண்மீன்கள் வேறு பிக்சலுக்குப் போகும், ஒளிவளைவில் ஒரு படி விழும். அதைக் கடப்பின் தொடக்கம் என்று நம்பி ஏமாறுவார்கள். ஜனவரிக் கடைசியில் பூசம் உச்சிக்கு வருவது நள்ளிரவை ஒட்டி. மார்ச் நடுவில் இரவு ஒன்பதரைக்கு. முன்னிரவிலேயே புரட்டி முடித்து, மீதி இரவை மேற்குப் பக்கத்திலேயே ஓட்ட மார்ச்தான் தோது.

நம் ஊரில் அந்தி சட்டென்று இருட்டிவிடும். ஃப்ளாட் (படத்தின் ஒளிச் சீரின்மையைத் திருத்த உதவும் வெற்றுப் படம்) எடுக்கப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி எல்இடி பலகையைக் காட்டி எடுங்கள், அதன்பின் கேமராவைக் கழற்றாதீர்கள். ஏப்ரலில் இரவு வெப்பமே 27, 28 டிகிரி இருக்கும். கேமராவை மைனஸ் இருபதுக்கு இறக்க முயன்றால் தாங்காமல் ஏறி இறங்கும். பூஜ்யத்தில் நிறுத்தி, டார்க் படங்களையும் (மூடி போட்டு எடுப்பவை) அதே பூஜ்யத்தில் எடுங்கள். மின்சாரம் விட்டுவிட்டு வரும் என்பதால் 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர் மணி) லித்தியம் பேட்டரி ஒன்று வேண்டும். மவுன்ட், கேமரா, பனி ஹீட்டர், லேப்டாப் எல்லாம் சேர்ந்து எட்டு ஆம்பியர் வரை இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 50 ஏஎச்.

லேப்டாப் கடிகாரத்தை ஒவ்வொரு இரவும் இணையத்தோடு சரிபார்த்து, கோப்புகளில் உலக நேரத்தையே பதியுங்கள். நமக்கு நள்ளிரவு என்றால் அங்கே 18:30. விடியற்காலை ஐந்தரைக்குத்தான் தேதி மாறும். இந்த ஐந்தரை மணி நேரக் குழப்பத்தில் நல்ல பதிவு வீணாகக் கூடாது.

நிலா விஷயத்தில் பஞ்சாங்கமே உதவும். புனர்பூசம், பூசம், ஆயில்யம் என்று போட்டிருக்கும் மூன்று இரவுகளில் நிலா இந்தக் கொத்துகளுக்குப் பக்கத்தில் நிற்கும், அவற்றை விட்டுவிடுங்கள். தைப்பூசத்தன்று முழுநிலா, அதுவும் பூசத்தின் மேலேயே. ஆண்டிலேயே ஆகாத இரவு அது.

நேரே கொத்துக்குப் போகாமல், முதலில் ஏற்கெனவே தெரிந்த கோளான வாஸ்ப்-43பி-யை எடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் நள்ளிரவை ஒட்டி நன்றாக உயர்ந்திருக்கும். 12.4 மேக்னிட்யூட், 19½ மணிக்கு ஒருமுறை கடக்கும், கடப்பு ஒன்றேகால் மணி நேரம், குறைவு இரண்டரைச் சதவீதம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்துப் பதிந்து, ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் அளந்து பாருங்கள். அந்தப் பள்ளம் சுத்தமாக வந்தால், டெஸ் சந்தேகங்களைச் சரிபார்க்கும் பன்னாட்டுக் குழுவுக்கு விண்ணப்பிக்க அதுவே சான்று.

இந்தப் பக்கத்து வானத்துக்கு இது புதிய வேலையும் அல்ல. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போவதை ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். விண்மீனின் ஒளி எதிர்பாராத நேரத்தில் சட்டென்று குறைந்து மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அன்று உலகின் வேறு இடங்களில் கிடைத்த பதிவுகளோடு சேர்ந்து தெரியவந்தது. ஒளி எப்போது குறைந்தது என்று சரியாகக் குறித்துவைத்ததுதான் அங்கே செய்யப்பட்டது.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. மொட்டைமாடிச் சாவி இரவில் மாணவர்கள் கையில் இருக்க அனுமதி. துணைக்கு, விடியும்வரை முறைவைத்து இருக்கும் ஓர் ஆசிரியர். மாடியைப் பார்த்து எரியும் வளாக விளக்குகளுக்குத் தகரத்தில் மூடி. தைப்பூசம் கழிந்து ஒரு வாரத்தில் நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும். முதல் இரவாக அதை வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் முழுதாக இறுக 28 நாள் வேண்டும். தூணை மார்கழி தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜவ்வாது மலையடிவாரத்தில் இந்த வேலையில் இருப்பவர்கள்