உறைந்துபோன காற்றுமானி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது, பதில் எழுதத்தான் கை வரவில்லை. மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்பச் சந்தோஷம்டா.

நான் இன்னும் பின்லாந்தின் வடக்கே, லாப்லாந்தில்தான். 'துந்துரி' என்று சொல்கிற ஒரு மொட்டைக் குன்றின் உச்சியில் காற்றாலை வைத்தால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுகிற வேலை. ஆரல்வாய்மொழியில் நமக்கு மே மாதம் காற்று ஏறும், அக்டோபரில் அடங்கும். இங்கே குளிர்காலத்தில்தான் காற்று அதிகம், அளக்கவும் அப்போதுதான் முடியாமல் போகிறது.

ஜனவரியில் மூன்று வாரம் காற்றை அளக்கும் கோபுரத்திலிருந்து வந்த வேகம் வெறும் பூஜ்யம். இடமே சரியில்லை போலிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன். அப்புறம் காற்றின் திசைகாட்டியின் பதிவைப் பார்த்தால் மூன்று வாரமும் ஒரே பாகை, இம்மி அசைவில்லை. மேகம் குன்றை மூடியிருந்த நாட்களில் உறைபனி பிடித்துக் காற்றுமானியின் சுழலும் கிண்ணங்களும் திசைகாட்டியும் இறுகிப்போயிருக்கின்றன! பனி பிடிக்காமல் சூடேற்றும் மானி வேண்டாம், செலவு என்று எழுதிய கோப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது, அதை விடு. அந்த நாட்களைத் தூக்கிவிட்டுச் சராசரி எடுக்கலாமே என்பாய். பனி பிடிக்கிற நாட்களில்தான் இங்கே பெரும்பாலும் நல்ல காற்றும் அடிக்கிறது. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்துக் கணித்தால் ஆற்றலில் கால்பங்குக்கு மேல் காணாமல் போகும், ஆற்றல் வேகத்தின் மும்மடிக் கணக்கு என்று உனக்குத் தெரியாததா.

வேடிக்கை என்னவென்றால் கடுங்குளிர் இதில் எதிரியே இல்லை. மைனஸ் 20 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 14 சதவீதம் அதிகம், அந்த அளவு லாபம்தான். தொல்லை தருவது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிற ஈர மேகம். கடுங்குளிர் நாட்களிலோ குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் குளம்போலத் தேங்கிவிடும். கீழே மைனஸ் 30, இலை அசையாது, உச்சியில் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதல், காற்றும் இருக்கும். அடிவாரத்து நிலையத்தின் பதிவை வைத்து உச்சியைச் சொல்ல முடியாது. 2009இல் வந்த பின்லாந்தின் காற்று வரைபடம் நல்ல வேலைதான், ஆனால் நாடு முழுவதற்குமான அதன் ஒரு கட்டத்தின் பக்கம் 2.5 கிலோமீட்டர், அதற்குள் என் குன்று கரைந்துவிடுகிறது.

இறக்கையிலும் பனி பிடிக்குமே, அந்த இழப்பைத் தனியாகக் கழிக்க வேண்டும். சூடேற்றும் இறக்கைகளை லாப்லாந்திலேயே ப்யூஹாதுந்துரி என்ற குன்றில் 1990களிலேயே சோதித்தார்கள்.

சூடேற்றும் மானி இப்போதுதான் வந்து சேர்ந்தது. வருகிற குளிர்காலம் முழுக்க மறுபடி அளக்க வேண்டும். அதனால் கல்யாணத்தை ஆவணியிலேயே வைத்துவிடு, கார்த்திகை என்றால் நான் குன்றின் மேல் இருப்பேன்.

அன்புடன்,
பாஸ்கர்