மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டார்ட்அப் தொடங்கும் இளைஞர்கள் கையிலிருக்கும் கொஞ்ச நஞ்சப் பணத்தையும் விளம்பரத்துக்கே கரைத்துவிடுகிறார்கள் என்று தங்கள் நாளிதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அப்படிக் கரைத்தவர்களில் நானும் ஒருவன்.

நானும் நண்பர் ஒருவரும் மடிப்பாக்கத்தில் சிறு நிறுவனம் நடத்துகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப், மொட்டை மாடி டேங்க் இரண்டையும் கழுவிக் கொடுப்பது வேலை. இருவரும் பெருங்குடியில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அதனால் எங்களுக்குத் தோன்றிய முதல் காரியம் லோகோ, இணையதளம், இன்ஸ்டாகிராம். ஓர் ஏஜென்சிக்கு மூன்று மாதத்துக்கு 45,000 ரூபாய் கொடுத்தோம். மாதக் கடைசியில் அறிக்கை அழகாக வரும். இத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று வண்ண வண்ணப் படங்கள். லைக் போட்டவர்களில் ஒருவர் தஞ்சாவூர், இன்னொருவர் துபாய். மூன்று மாதத்தில் வந்த போன் 11. வேலையாக முடிந்தது 2. அதில் ஒன்று என் அத்தை வீடு.

ஏஜென்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இன்ஸ்டாகிராம் பார்க்கும்போது யாருக்கும் சம்ப் கழுவும் நினைப்பு வராது. குழாயில் தண்ணீர் கலங்கலாக வரும்போது வரும். லாரித் தண்ணீர் இறக்க வாட்ச்மேன் மூடியைத் திறக்கும்போது வரும். அந்த நேரத்தில் எங்கள் நம்பர் கண்ணில் பட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இது புரிய 45,000 ரூபாய் செலவானது.

முதலில் சம்ப் மூடியிலேயே ஸ்டிக்கர் ஒட்டினோம். வெயிலும் தண்ணீர் லாரிக் குழாயும் சேர்ந்து பத்தே நாளில் உரித்துவிட்டன. ஒரு வாட்ச்மேன் அண்ணன்தான் சொன்னார்: "மூடியை யார் சார் பாக்கறாங்க? மோட்டார் சுவிட்ச் பக்கத்துல ஒட்டுங்க. தினம் காலைல கை அங்கதான் போகும்." வாஸ்தவம். இப்போது வேலை முடிந்ததும் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகல மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுகிறோம். "கழுவிய தேதி", "அடுத்துக் கழுவ வேண்டிய தேதி" என்று இரண்டு வரி அச்சில் இருக்கும். தேதியைக் கையால் எழுதுவோம். கீழே போன் நம்பர். லோகோவுக்கு இடமில்லை, விட்டுவிட்டோம். திருவல்லிக்கேணியில் 1,000 ஸ்டிக்கர் அடிக்க 2,200 ரூபாய் ஆனது. சாதாரண மார்க்கரில் எழுதினால் ஆறு மாதத்தில் தேதி வெளிறிவிடுகிறது. பெயிண்ட் மார்க்கர்தான் நிற்கிறது. வெறும் விளம்பரமாக இருந்தால் அசோசியேஷன் செயலாளர் அன்றைக்கே கிழித்துவிடுவார். தேதி போட்டிருப்பதால் லிஃப்ட் சர்வீஸ் அட்டை மாதிரி நினைத்து விட்டுவைக்கிறார். இன்று எங்களுக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் அந்த ஸ்டிக்கரைப் பார்த்து வருபவை.

அப்புறம் பாட்டில். சம்ப்பின் அடியில் கிடக்கும் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து செயலாளர் மேஜையில் வைத்துவிட்டு வருவோம். மறுநாள் தெளிந்து, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சேறு நிற்கும். அதை அவரே படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அங்கிருந்து பக்கத்து பிளாக், அடுத்த தெரு, நங்கநல்லூரில் இருக்கும் மாமனார் வீடு என்று அது போகிற வேகத்துக்கு எந்த ரீல்ஸும் ஈடு கொடுக்காது. ஆள் இறங்குவதற்கு முன் விஷவாயு இருக்கக் கூடாது என்பதற்காக சம்ப்புக்குள் அரை மணி நேரம் காற்றடிக்கும் ப்ளோயர் ஓட்டுவோம். அது பாதுகாப்புக்காகச் செய்வது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு எதிர் வீட்டார் எட்டிப் பார்த்து விலை விசாரிப்பதும் நடக்கிறது.

காசில்லாத வழிகளில் வாட்ஸ்அப் பிசினஸும் கூகுளில் தொழில் பக்கமும் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒன்று. ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் அடங்குவார்கள். அவர்களிலும் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் பணம் வாங்கும்போதே "நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க சார்" என்று நின்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கூச்சப்பட்டால் நடக்காது. 2,500 ரூபாய்க்கு 50 ரிவ்யூ போட்டுத் தருவதாக ஒருவர் வந்தார். அனுப்பிவிட்டோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனையோ சம்ப்புகளில் சாக்கடை கலந்தது. கேட்ட விலை கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். இரண்டு வாரம் ராப்பகலாகப் பழைய விலைக்கே கழுவினோம். நண்பருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அந்த வாடிக்கையாளர்கள் இன்றுவரை வேறு யாரையும் கூப்பிடவில்லை என்பதால் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. 1983-ல் கடலூரில் 15,000 ரூபாயோடு தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், சிக் ஷாம்பூவைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய், பையன்கள் தலையில் தேய்த்துக் காட்டியே விற்றார். காலி சாஷேக்களை (சின்ன ஷாம்பூ பாக்கெட்டுகளை) கொண்டுவந்தால் புது சாஷே இலவசம் என்றும் கொடுத்தார். துணிக்கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் மஞ்சப்பையில் கடைப் பெயரை அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பை பத்து வருஷம் பஸ்ஸிலும் சந்தையிலும் அவர்களுக்காக ஊர் சுற்றியது. பேப்பருக்குள் பிட் நோட்டீஸ் வைப்பதும் பழைய வழிதான். எங்களுக்கு மட்டும் அது பலிக்கவில்லை. 2,000 நோட்டீஸ் கொடுத்த அன்று பார்த்து அடைமழை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொதுச் சுவரில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று 1959-லேயே சட்டம் இருக்கிறது. பேனர் வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பரில் எங்கள் பகுதிக்கு அடுத்த பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. சரி, அப்படியானால் வீட்டிலிருந்து டிபன் செய்து கொடுப்பவரும், டியூஷன் எடுப்பவரும், எங்களைப் போன்றவர்களும் தெருக்காரர்களுக்குத் தங்களை எங்கே அறிவித்துக்கொள்வது? சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் பூங்கா வாசலிலும் கண்ணாடி போட்ட ஒரு பலகை வைக்கலாம். ஏ4 தாள் ஒன்றுக்கு மாதம் 100 ரூபாய், மாதம் முடிந்தால் எடுத்துவிட வேண்டும் என்று விதி வைக்கலாம். மாநகராட்சிக்கும் வருமானம், சுவர்களுக்கும் நிம்மதி.

தங்கள் நாளிதழும் வரி விளம்பரத்தில் வட்டார அளவில் ஒரு மலிவான கட்டணம் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கொடுத்துப் பார்த்தேன். நான்கு போன் வந்தது. மூன்று பேர் வேலை கேட்டவர்கள். அவர்களில் ஒருவர்தான் இன்று ப்ளோயரைப் பார்த்துக்கொள்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை