மூன்று மணி நேரப் பேட்டிக்கு நிமிடக் குறிப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீளமான பாட்காஸ்ட் பேட்டிகளை யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று உங்கள் சென்ற இதழ்க் கட்டுரை கேட்டிருந்தது. கேட்க ஆள் இருக்கிறது. பொருளாதார அறிஞர் ரஸ் ராபர்ட்ஸ் 2006-இல் தொடங்கிய ‘எகான்டாக்’ என்ற ஆங்கிலப் பாட்காஸ்ட் இன்றும் வருகிறது. இந்திய எழுத்தாளர் அமித் வர்மாவின் ‘தி சீன் அண்ட் தி அன்சீன்’ 2017-இல் சிறு நிகழ்ச்சியாகத் தொடங்கி, ஒரே விருந்தினரோடு பல மணி நேரம் பேசும் அளவுக்கு வளர்ந்தது. தமிழில் பொருளாதாரமும் கல்வியும் சாதியும் பேசும் நீண்ட பேட்டிகளைப் பார்க்கும்போது, நீளம் எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. பேசிய பிறகு அதில் எது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வழியில்லை என்பதுதான் வருத்தம்.

மாநில நிதி பற்றிய பேட்டி என்றால், ‘தமிழ்நாடு மத்திய அரசுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் 29 பைசாதான் திரும்பி வருகிறது’ என்ற வாக்கியம் எப்படியும் வந்துவிடும். பேட்டி எடுப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். அங்கேதான் நிற்க வேண்டும். அந்த ஒரு ரூபாய் நேரடி வரி மட்டுமா, ஜிஎஸ்டியும் சேர்ந்ததா? திரும்பும் 29 பைசா வரிப் பகிர்வு மட்டுமா, மானியமும் திட்ட நிதியும் அடக்கமா? எந்த ஆண்டுக் கணக்கு? இங்கே ஆலையும் மும்பையில் தலைமை அலுவலகமும் வைத்திருக்கும் நிறுவனம் கட்டும் வருமான வரி எந்த மாநிலத்தின் பெயரில் ஏறுகிறது?

இப்படிக் கேட்பது விருந்தினரை மடக்குவதற்காக அல்ல. நியாயம் அவர் பக்கம் இருந்தால் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதிக் குழு, பகிர்ந்தளிக்க வேண்டிய மத்திய வரிகளில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. அந்த 41-ஐ நூறாகக் கொண்டால் தமிழ்நாட்டின் பங்கு 4.079 ஆக இருந்தது. வரிமேல் கூடுதலாக மத்திய அரசு விதிக்கும் செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தப் பகிர்வுக்குள் வருவதே இல்லை. அந்தக் குழு பங்கைக் கணக்கிட்டபோது தனிநபர் வருமானம் குறைந்த மாநிலங்களுக்குச் சாதகமான அளவுகோலுக்கு 45 சதவீத எடை கொடுத்தது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் காட்டிய சாதனைக்கு 12.5, சொந்த வரி வசூல் முயற்சிக்கு வெறும் 2.5. இந்த நாலைந்து எண்களைத் தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டால் போதும், பேச்சு மேடை முழக்கத்தோடு நின்றுவிடாமல் கணக்குக்குள் இறங்கும். மூன்று மணி நேரம் தேவைப்படுவது இதற்குத்தான்.

ஒலிப்பதிவு பற்றிச் சுருக்கமாக. மைக் வாயிலிருந்து நாலு விரல்கடைக்கும் ஒரு சாணுக்கும் இடையில் இருக்கட்டும். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். அதன் இரைச்சலைப் பிறகு மென்பொருளில் நீக்கினால் குரல் தகரம்போல் ஆகிவிடும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும், ஜமுக்காளம் விரித்தாலே பாதி அடங்கும். இருவர் குரலையும் தனித்தனி டிராக்கில் பதியுங்கள். ஒரே டிராக்கில் ஒருவர் இருமும்போது மற்றவர் சொன்ன எண் அடிபட்டால் மீட்கவே முடியாது. வெளியூர் விருந்தினர் என்றால் அவரவர் பக்கமே பதிவாகட்டும். இரண்டு பதிவையும் பிறகு பொருத்துவதற்குத் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். இரண்டு கருவிகளின் கடிகாரமும் அச்சாக ஒன்றுபோல ஓடாது, மூன்று மணி நேரத்தில் அரை நொடிகூட விலகலாம். சேர்க்கும்போது கேள்வி முடியுமுன்பே பதில் தொடங்கிவிடுவது இதனால்தான். முடிந்த கோப்பின் சராசரி ஒலியளவு −16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அருகே இருந்தால் பேருந்தில் கேட்பவரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்காது. பேச்சுக்கு மோனோவில் (ஒற்றை ஒலித்தடம்) நொடிக்கு 64 கிலோபிட் போதும். மூன்று மணி நேரம் சுமார் 86 எம்பிக்குள் அடங்கும்.

எழுத்து வடிவம்தான் தமிழில் கடினம், அதிகம் கைவிடப்படுவதும் அதுவே. தானியங்கி எழுத்தாக்கம் முதல் வரைவுக்கு மட்டும் உதவும். எண்களையும் துறைப் பெயர்களையும் ஒருவர் கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றும் இடத்தில் இருக்கிறது. விருந்தினர் ‘அந்த ஸ்கூல்களை மூடலாம்னு இருக்காங்க’ என்கிறார். எழுத்தில் அது ‘அப்பள்ளிகளை மூட உள்ளனர்’ என்று ஆகிறது. யோசனையாக இருந்தது முடிவாகிவிட்டது. ‘சொல்றாங்க’ என்பதை ‘கூறப்படுகிறது’ என்று மாற்றும்போது சொன்னவர் யார் என்று கேட்கும் வாய்ப்பே போய்விடுகிறது. ‘வந்து’, ‘பாத்தீங்கன்னா’ போன்ற நிரப்புச் சொற்களை எடுத்துவிடலாம். வினைமுற்றில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது டைம்ஸ்டாம்ப், அதாவது நிமிடக் குறிப்பு. யூடியூபில் விவரக் குறிப்பில் எழுதும்போது முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று பகுதி வேண்டும், ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் பகுதிகளாகப் பிரியாது. ‘பொருளாதாரம்’, ‘கல்வி’ என்று தலைப்பிட்டால் யாருக்கும் பயனில்லை. ‘செஸ் வரியில் மாநிலங்களுக்குப் பங்கு ஏன் இல்லை’ என்று எழுதினால் தேடுபவருக்குக் கிடைக்கும். ஆடியோ செயலிகளில் நடுவே விளம்பரம் செருகப்பட்டால் நிமிடம் நகர்ந்துவிடும். ஆகவே எழுத்து வடிவத்திலும் அதே தலைப்புகள் இருக்கட்டும். நாற்பது நொடி ஷார்ட்ஸ் வெட்டும்போது, முழுப் பேட்டியில் அது எத்தனையாவது நிமிடம் என்பதைத் திரையிலேயே போடலாம். விருந்தினர் சொன்ன நிபந்தனை பெரும்பாலும் வெட்டிய துண்டுக்கு முந்தைய வாக்கியத்தில்தான் இருக்கும்.

பிழை நேர்ந்தால் யூடியூபில் அதே இணைப்பில் புதிய வீடியோவை மாற்றி ஏற்ற முடியாது. திருத்தத்தை நிமிடத்தோடு விவரக் குறிப்பின் முதல் வரியில் எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்த கமெண்டிலும் போட வேண்டும். ஆடியோ கோப்பை மாற்றலாம் என்றாலும், ஏற்கெனவே இறக்கி வைத்தவரிடம் பழையதுதான் இருக்கும். அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வாயால் சொல்லியே தீர வேண்டும்.

உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். பாட்காஸ்ட் பேட்டியிலிருந்து மேற்கோள் எடுக்கும்போது புத்தகத்துக்குப் பக்க எண் தருவதுபோல நிகழ்ச்சியின் தேதியையும் நிமிடத்தையும் அச்சிடுங்கள். அடுத்த இதழிலிருந்தே தொடங்கலாம்.

— வாசகர், மதுரை