ஆற்றங்கரைக்குத் தார் வேண்டாம், கிராவலே போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவில் சைக்கிளில் சுற்ற வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கைபேசி வரைபடத்தில் கல்லணையிலிருந்து வெண்ணாற்றங்கரை நெடுக விரலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஏற்றமில்லை, இறக்கமில்லை, அரைநாளில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு. வழியில் ஒரு தரம் இறங்கித் தள்ளியதும் வருகிற கேள்வி, "இந்தக் கரைக்குத் தார் போட்டால் என்ன?" என்பது. போடக் கூடாது என்பது எங்கள் கட்சி. கரையைக் கரையாக வைத்துக்கொண்டே நன்றாக ஓட்டலாம். அதற்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

சமதரை என்பது உண்மைதான். கல்லணையிலிருந்து கடல்வரை சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இராது. ஆனால் மலைப்பாதையில் ஏற்றம் செய்கிற வேலையை இங்கே காற்று செய்கிறது. ஆனி, ஆடியில் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முகத்தில் அறையும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, சைக்கிள் நின்றுவிடும். அந்த மாதங்களில் தஞ்சாவூரிலிருந்து கிளம்புகிறவர் விடிவதற்குள் மேற்கே கல்லணைப் பக்கம் போய்விட்டு, வெயில் ஏறிக் காற்று வலுக்கும் நேரத்தில் அதை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே திரும்ப வேண்டும். மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கு. போக்கும் வரவும் அப்படியே தலைகீழ்.

அடுத்தது மண். பழைய டெல்டாவான வெண்ணாறு, வெட்டாறு பக்கம் களி. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் மணலும் கலந்தது. மழை நின்ற மறுநாளே செம்மண் கரையில் ஓட்டலாம். களிக்கரை மூன்று நாள் நல்ல வெயில் கேட்கும். ஈரக்களி டயரில் ஒட்டி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, நூறு மீட்டருக்குள் சக்கரத்தைப் பூட்டிவிடும். அப்போது பெடலை அழுத்தி மிதிப்பதுதான் பெரிய தப்பு. களியோடு வைக்கோலும் கியர் மாற்றும் பின் டெரெய்லரின் குட்டிப் பற்சக்கரங்களில் சுற்றி, அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சிறு உலோகத் துண்டு வளையும் அல்லது முறியும். இறங்கி, மூங்கில் சிம்பால் களியை வழித்துவிட்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கரையோரப் புல்லில் நடப்பதே வழி. உங்கள் சைக்கிளுக்கே உரிய ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேறு. ஊர்க் கடையில் கிடைக்காது.

பாதையைத் தீர்மானிப்பது வரைபடத்தைவிடத் தண்ணீர்க் கணக்குதான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதிவரை கரைகள் இறுகிக் கிடக்கும்; ஓட்ட அதுவே முதல் பருவம். ஆனால் அதன் தொடக்கத்தில் சம்பா அறுவடை நடக்கும். செயின் வண்டி என்று சொல்கிற அறுவடை இயந்திரம் ஈரக்கரையில் ஏறி இறங்கிய தடம் காய்ந்தால், குறுக்கே வரிவரியாக வரப்புப் போட்டதுபோல் ஆகிவிடும். அங்கே டயரின் காற்றழுத்தத்தை 5 பி.எஸ்.ஐ. (பம்பின் மீட்டர் காட்டும் அழுத்த அளவு) குறைத்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்து ஓட்டினால் கை மரத்துப்போகாது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் தூர்வாரும் வேலை. அள்ளிய வண்டலை அதே கரையில்தான் கொட்டுகிறார்கள். நேற்று இருந்த பாதை இன்று முழங்கால் புதையும் பொலபொல மண். நான்கைந்து மழை பெய்து இறுகினால்தான் அது மறுபடி பாதை. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர்வரை இரண்டாம் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் களிக்கரைப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 40 மி.மீ. அகல டயர் இந்தக் கரைகளுக்குப் போதும். 75 கிலோ எடையுள்ளவர் டியூப் வைத்து ஓட்டினால் முன்னே 40, பின்னே 45 பி.எஸ்.ஐ.; டியூப்லெஸ் என்றால் 30, 33 அளவில் தொடங்கிப் பார்க்கலாம். இதற்காக லட்ச ரூபாய் சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. பால்காரரும் கீரைக்காரரும் காலங்காலமாக ஓட்டும் 28×1½ டயர் போட்ட கறுப்பு சைக்கிளின் டயரும் ஏறத்தாழ இதே அகலம்தான். கிராவல் சைக்கிள் என்று புதுப்பெயர் சூட்டி விற்பதை நம் ஊர் எப்போதோ ஓட்டியிருக்கிறது. எடையும் பிரேக்கும்தான் வித்தியாசம்.

இங்கே பஞ்சருக்கு முதல் காரணம் சீமைக் கருவேல முள். கரையோரம் வெட்டிப்போட்ட கிளை காய்ந்த பிறகுதான் ஆபத்து அதிகம். முள் உள்ளே ஏறி முனை ஒடிந்து, டயர் ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை மட்டும் ஒட்டிப் பூட்டினால் அடுத்த கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி காற்று போகும். எனவே டயரின் உட்புறம் முழுக்க ஒரு பஞ்சையோ பழைய பனியன் துணியையோ மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள்முனை இருக்கும். அதை வெளியிலிருந்து தள்ளி, உள்ளிருந்து குறட்டால் பிடுங்க வேண்டும். பிறகு டியூபில் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது விரலில் ஒட்டாத பதம் வரும்வரை நான்கைந்து நிமிடம் விட்டுத்தான் ஒட்டுப் போட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு போட்ட ஒட்டு வெயில் சூட்டில் நழுவும். டியூப்லெஸ் டயருக்கு, ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவம் சக்கரத்துக்கு 60 மி.லி. நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றுங்கள். டியூப்லெஸ்ஸில் குத்திய முள் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், வீடு வரும்வரை அதைப் பிடுங்காமல் விடுவதே நல்லது.

இரண்டாவது காரணம் மதகு. கரை மண் அமுங்கி, மதகின் காங்கிரீட் பலகை மட்டும் இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும். வேகத்தோடு அதில் மோதினால் டியூப் ரிம்முக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு விழும். இரட்டை வெட்டைப் பார்த்தால் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காற்று குறைவு அல்லது வேகம் அதிகம்.

கம்பிபோல் மெலிந்த பிரெஸ்டா வால்வுள்ள வெளிநாட்டு டியூபுக்கு ஒரு சிறு பித்தளை அடாப்டர் வைத்துக்கொண்டால் மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடைகளிலும் காற்று அடிக்கலாம். கம்ப்ரசரை விட்டு விட்டு அழுத்தச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் அடித்தால் டயர் ரிம்மை விட்டு எழும்பிவிடும்.

எந்தக் கரையில் போவது என்பதும் முக்கியம். பெரும்பாலும் ஒரு பக்கக் கரையில்தான் வண்டி போகும் பாதை இருக்கும். எதிர்க்கரை கிளை வாய்க்கால் பிரியும் இடத்தில் அறுந்துவிடும். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரியும் தென்பெரம்பூர், கோரையாறும் பாமணியாறும் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு போன்ற இடங்களில் நின்று, இனி எந்த ஆற்றின் எந்தக் கரை என்று அங்குள்ளவர்களைக் கேட்டுவிட்டுக் கடப்பது நல்லது. தவறவிட்டால் அடுத்த பாலம்வரை போய்த் திரும்ப வேண்டும். கல்லணைக் கால்வாயில் இன்னொரு எச்சரிக்கை. பல இடங்களில் பக்கச்சரிவு முழுக்கக் காங்கிரீட். தண்ணீர் ஓடும்போது உள்ளே விழுந்தவர் பிடித்து ஏற வேரும் இல்லை, புல்லும் இல்லை. நீர்ப்பக்க ஓரத்தை விட்டு ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டுங்கள். இருட்டில் வேண்டவே வேண்டாம்.

இனி தார் விஷயம். மண்கரை ஆண்டுதோறும் கொஞ்சம் அமுங்கும். மேலே போட்ட தார் அதோடு வளையாமல் ஓரத்தில் வெடித்து உதிரும். உடைந்த தாரின் கூர்முனைக் குழி கிராவல் பள்ளத்தைவிட டயருக்குக் கொடியது. தார் வந்தால் லாரியும் வேகமும் கூடவே வரும்; ஆடு மாடு ஓட்டுகிறவரும் பள்ளிக்கு நடக்கிற பிள்ளையும் ஒதுங்க இடமிராது.

கிராவல் கரையைக் காப்பது சிக்கனமான வேலை. பெரிய ஜல்லி எழும்பி நிற்கும் கப்பி ரோட்டின்மேல் களி அதிகமில்லாத செம்மண் கிராவலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டிய பின் 10 செ.மீ. கனம் நிற்க வேண்டும். களி மிஞ்சினால் வழுக்கும். குறைந்தால் புழுதியாய்ப் பறந்து கல் மட்டும் மிஞ்சும். மழைநீர் நடுவில் தேங்காமல் இரு பக்கமும் வடிய, நடு கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். உலர்ந்த மண்ணைக் கொட்டி ரோலர் ஓட்டாமல் போய்விடுவதுதான் இப்போது பல இடங்களில் நடக்கிறது. முதல் மழையிலேயே அது ஆற்றில் கரைந்துவிடும்.

நீர்வளத் துறையிடம் எங்கள் கோரிக்கை மூன்றே. தூர்வாரிய வண்டலைப் பாதையில் கொட்டாமல் கரையின் வெளிச்சரிவில் கொட்டுங்கள். வெட்டிய கருவேலங்கிளைகளை அன்றே அப்புறப்படுத்துங்கள். மதகுப் பலகைகளின் இரு பக்கமும் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிராவலால் சாய்வு கட்டுங்கள். மூன்றையும் அடுத்த தூர்வாரும் பணியோடு சேர்த்தே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்கள் சிலர்,
தஞ்சாவூர்.