மலையில்லாத ஊரிலிருந்து ஒரு டவுன்ஹில் கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் சைக்கிள் வருவதே அபூர்வம், வந்தாலும் ரோட்டுப் பந்தயம்தான். மலையிலிருந்து இறக்கத்தில் பாய்கிற டவுன்ஹில் சைக்கிள்களைப் பற்றி நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை. ராமநாதபுரத்துக்காரனுக்கு அது எதற்கு என்று கேட்கலாம், நியாயம்தான், தங்கச்சிமடத்திலிருந்து கிளம்பினால் மிதிக்காமல் வண்டி தானாக உருளுகிற இடம் பாம்பன் ரோட்டுப் பாலத்து இறக்கம் ஒன்றுதான். ஆனால் எங்கள் பையன்கள் கேட்டு அடம்பிடிக்கிற முன் ஷாக், டிஸ்க் பிரேக், அகல ஹேண்டில்பார் எல்லாம் கடைக்கு வந்ததே அந்த மலைப் பந்தயங்கள் வழியாகத்தான்.

1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் சில இளைஞர்கள் 1930, 40களின் கனத்த ஷ்வின் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய், மண்பாதையில் யார் சீக்கிரம் இறங்குவது என்று போட்டி வைத்தார்கள். ரீபேக் பந்தயம் என்பது அதுதான். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கிற பிரேக், கீழே வருவதற்குள் சூடேறி கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே புது பிரேம் செய்தார். 1989இல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் முன் ஷாக் வந்தது, மறுவருடம் அமெரிக்காவின் டுராங்கோவில் மலை சைக்கிளுக்கான முதல் அதிகாரப்பூர்வ உலக சாம்பியன்ஷிப்.

அப்புறம் வந்த பதினைந்து இருபது வருடம்தான் என்னைப் போன்றவர்களுக்குப் பொற்காலம். பிரான்சின் நிக்கோலா வூயோஸ் ஜூனியரில் மூன்று, சீனியரில் ஏழு என்று உலகப் பட்டங்களை அள்ளினார். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2006, 2007இல் அயர்ன் ஹார்ஸ் சண்டே என்ற சைக்கிளில் உலகப் பட்டம் ஜெயித்தார், படத்தில் பார்க்கவே அழகான வண்டி அது. மோட்டார் பைக் செய்கிற ஹோண்டாகூட கியரைப் பெட்டிக்குள் மூடிவைத்து ஆர்என்01 என்று ஒரு சைக்கிள் செய்தது. தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னார் 2005 உலகக் கோப்பையை அதில்தான் வென்றார், ஆனால் ஹோண்டா கடைசிவரை அதை விலைக்கு விடவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு!

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னில் அரசு தருகிற சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, பின்னாலும் ஷாக் வைத்த மலிவு வண்டிக்குக் காசு கொட்டுகிறார்கள். டவுன்ஹில் வண்டியின் ஷாக்கில் ஸ்பிரிங்கோடு அதன் துள்ளலை அடக்க ஆயிலும் இருக்கும். மலிவு வண்டியில் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். எழுந்து மிதித்தால் வண்டி குதிக்கும், பலம் பாதி அதிலேயே போகும், ரெண்டு மழைக்காலம் போனால் உப்புக்காற்றில் துரு வேறு. டிஸ்க் பிரேக் அப்படியில்லை. மணலும் தண்ணீரும் ரிம்மில் ஒட்டினாலும் அது சக்கரத்தின் நடுவே ஹப் பக்கம் இருப்பதால் பிடிக்கும், கேபிளுக்கு மட்டும் அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். எங்கள் கடற்கரைக்கு டவுன்ஹில் கொடுத்த நல்ல சாமான் என்றால் அதுதான்.

ஜூனில் பள்ளி திறக்கிற சமயம் பெற்றோர் கடை ஏறி இறங்குவார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பழைய வண்டிகளின் படங்களோடு, எந்த ஷாக் வேலைக்கு, எது வேடிக்கைக்கு என்று அரைப் பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தங்கச்சிமடம்.