அந்த ஜிபிஎஸ்ஸுக்கு இன்னும் உயிர் இருக்கிறது

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. வண்டியில் வழி காட்டும் நம் பழைய ஜிபிஎஸ் கருவியில் அப்டேட் முக்கால்வாசிக்கு மேல் ஓடி நின்றுவிட்டது, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கேபிளைப் பிடுங்கிவிட்டாய், இப்போது லோகோ மட்டும் வந்து வந்து மறைகிறது. "இதோட ஆயுசு முடிஞ்சுதுப்பா" என்றாய். முடியவில்லை. லோகோ வருகிறதென்றால் உள்ளே தொடக்கப் புரோகிராம் ஓடுகிறது என்று அர்த்தம். பாதியில் அறுந்தது அதற்கு மேலே இருப்பது. அதை மறுபடி ஏற்றிப் பார்க்கலாம்.

எனக்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். இத்தனை வருஷப் பேட்டரி, சார்ஜ் நிற்காது. கம்ப்யூட்டரின் பழைய யுஎஸ்பி போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். அப்டேட்டின் நடுவே கருவி தானாக அணைந்து எழும் நேரத்தில் பேட்டரி கைவிட்டால் இப்படித்தான் நிற்கும். அதனால் இன்று எதையும் தொடாதே. சுவர் சார்ஜரில் இரண்டு மூன்று மணி நேரம் போட்டு வை. பிறகு பவர் பட்டனை அரை நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி ஆன் செய்.

அப்படியும் எழவில்லையென்றால், சில மாடல்களில் திரையின் ஒரு மூலையை அழுத்தியபடியே கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துவிடும். எந்த மூலை என்று உன் மாடலின் கையேட்டில் இருக்கும். இதில் மட்டும் கவனமாக இரு கண்ணு. தப்பான மூலையை அழுத்தினால், சேமித்ததையெல்லாம் அழிக்கட்டுமா என்று கேட்கக்கூடும். வேண்டாம் என்றே கொடு.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? அதில் எழுபதுக்கு மேல் இடங்கள் சேமித்து வைத்திருக்கிறோம். தமிழ் எழுத்து அதில் வராது என்பதால் உன் அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒரு வளைவுக்கு 'மெல்லப் போ' என்று பெயர். ஒரு பாலத்துக்கு 'மழைன்னா வேண்டாம்'. முன்பு ஒருமுறை நான் பிரதி எடுக்காமல் அப்டேட் போட்டு அத்தனையும் போயிற்று. அவள் ஞாபகத்திலிருந்து மறுபடி போட்டுத் தந்தாள். இரண்டாவது தடவை அவளைக் கேட்க எனக்கு மனசு வராது. கம்ப்யூட்டரில் கருவி தெரிந்ததும் முதல் வேலை, சேமித்த இடங்கள் இருக்கும் ஜிபிஎக்ஸ் என்ற ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பது.

அடுத்து ஃபர்ம்வேர், அதாவது உள்ளேயே இருந்து கருவியை இயக்கும் புரோகிராம். மேப் அப்புறம். நீ மேப்புக்குத்தான் அவசரப்படுகிறாய். எனக்கு ஃபர்ம்வேர்தான் முக்கியம். தேதி இருபது வருஷம் பின்னால் காட்டுகிறது என்று போன மாதம் சொன்னாயே, அதற்கும் காரணம் இங்கேதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணுகின்றன. பழைய சிக்னலில் அந்த எண்ணுக்கு இடம் 10 பிட்தான், அதாவது 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும், அதனால் 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒருமுறை அப்படித் திரும்பியது, 2019 ஏப்ரலில் இன்னொருமுறை, அடுத்தது 2038 நவம்பரில். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கருவியின் ஃபர்ம்வேர்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய ஃபர்ம்வேர் குழம்பினால் சரியாக 1024 வாரம், அதாவது பத்தொன்பதரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், பின்னால் போய்விடும். கருவி கெட்டுவிட்டது என்று நீ நினைத்தது இதைத்தான். உன் மாடலுக்குக் கம்பெனி திருத்தம் விட்டிருந்தால் தேதி தானாகச் சரியாகும்.

மேப்புக்கு உள்ளே இடம் போதாது. எதையும் அழித்து இடம் பண்ணாதே, மெமரி கார்டு போடு. 32 ஜிபிக்கு மேல் வாங்காதே. 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற, ஃபைல்களை அடுக்கும் வேறு முறையில் வரும், பழைய கருவி அதைப் படிக்காது. ஃபேட்32 என்ற பழைய முறைதான் வேண்டும். கேபிளை ஹப் வழியாக இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகு. அந்த மினி யுஎஸ்பி வாய் தேய்ந்து ஆடுகிறது, கருவியை மேஜையில் படுக்கவைத்து, முடியும்வரை நகர்த்தாதே.

எல்லாம் முடிந்ததும் வீட்டுக்குள் வைத்துப் பார்த்துவிட்டு "சிக்னல் இல்லப்பா" என்று போன் செய்யாதே. வானம் தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, கால் மணி நேரம் அசையாமல் விடு. எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற முழு அட்டவணையும் வந்து சேரவே பன்னிரண்டரை நிமிஷம் ஆகும்.

அந்த ஜிபிஎக்ஸ் ஃபைல் கிடைத்த உடனே எனக்கும் ஒன்று அனுப்பு. 'மெல்லப் போ' இருக்கிறதா என்று அம்மா காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
அப்பா