ஹேங் ஆன போர்டை ஆஃப் செய்யாதீர்கள்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களாக எங்கள் பட்டறைக்கு வரும் எலக்ட்ரானிக் போர்டுகளில் கோளாறு தேட ஏஐயையும் துணைக்கு வைத்துக்கொள்கிறோம். அது எங்கள் போர்டுக்குள் எதைப் பார்க்கிறது, எங்கள் புரோகிராம் வெளியே போய்விடுமா என்று பலர் ஃபோனில் கேட்டீர்கள். அவசரத்தில் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

பம்ப் கன்ட்ரோலர் செய்கிற வாடிக்கையாளர் ஒருவரின் போர்டிலிருந்து தொடங்குகிறேன். தோட்டத்து மோட்டாரை ஆன் ஆஃப் செய்து விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் போர்டு, உள்ளே இருப்பது எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை அப்படியே நின்றுவிடும். நின்றால் ரிலே போட்டது போட்டபடி இருக்கும், கிணற்றில் தண்ணீர் இறங்கினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்யும். வோல்டேஜ் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கெபாசிட்டர் மாற்றினோம், ரிலே பக்கம் வோல்டேஜ் துள்ளலை அடக்கும் ஸ்னப்பர் போட்டோம், தீரவில்லை.

ஆஃப் செய்வதில்தான் சிக்கலே இருந்தது. ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கும் தடயம் பவர் போனால் போய்விடும். ரீசெட் மட்டும் செய்தாலும் ஸ்டார்ட்அப் கோடு முதல் வேலையாகப் பழைய மாறிகளை, அதாவது புரோகிராம் ராமில் வைத்திருக்கும் மதிப்புகளை, துடைத்துவிடும். அதனால் மோட்டாருக்குப் பதிலாக பல்பு போட்டு ஒரு போர்டை மேசையிலேயே ஓடவிட்டுக் காத்திருந்தோம். நின்றதும் ரீசெட் செய்யாமல் கிரவுண்ட், கிளாக், டேட்டா மூன்று வயரை மட்டும் மாட்டி உள்ளே எட்டிப் பார்த்தோம்.

இந்த இடத்தில்தான் ஏஐ வருகிறது. சிப்புக்குள் பார்க்க உதவும் டீபக் புரோப் கருவியை இயக்குவது ஓப்பன்ஓசிடி என்ற மென்பொருள், அதற்கும் ஏஐக்கும் நடுவே ஒரு சிறிய சர்வர் புரோகிராம் ஓடுகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற, ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் முறையில் எழுதியது. இந்த முகவரியிலிருந்து இத்தனை பைட் கொடு என்று ஏஐ கேட்கும், சர்வர் படித்துக் கொடுக்கும், வந்ததைப் பார்த்து அடுத்து எங்கே பார்க்கலாம் என்று அதுவே முடிவு செய்யும். முன்பு நாங்கள் நினைவகத்தை எண்களாகக் கொட்டிய ஹெக்ஸ் டம்பையும், எது எந்த முகவரியில் என்று சொல்லும் மேப் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ராத்திரி முழுக்கச் செய்த வேலை அது.

முதல் தடவை அது சொன்ன பதில் தப்பு. சீரியல் லைனில் நாய்ஸ் என்று அடித்துச் சொன்னது. காரணம் தேடினால், எங்களிடம் இருந்த எல்ஃப் ஃபைல் (புரோகிராமோடு ஃபங்ஷன் பெயர்களும் முகவரிகளும் இருக்கும் ஃபைல்) புதிய பில்டுக்கு, அதாவது புதிய பதிப்புக்கு, உரியது, போர்டில் இருந்ததோ பழைய பில்டு. முகவரியெல்லாம் நகர்ந்திருக்க, ஒரு ஃபங்ஷனின் பெயரை இன்னொன்றுக்கு வைத்துப் படித்திருக்கிறது. அன்றிலிருந்து சிப்பில் புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ளதும் எல்ஃப் ஃபைலும் ஒன்றுதானா என்று பைட் பைட்டாக ஒப்பிட்ட பிறகே அடுத்த வேலையைத் தொடங்குகிறோம்.

சரியான ஃபைல் கிடைத்ததும் விஷயம் வெளியே வந்தது. இந்தப் போர்டில் இருக்கும் சிப்பில் ராம் 20 கிலோபைட்தான், ஹெக்ஸில் 20000000 முதல் 20005000 வரை. ஃபங்ஷன்கள் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் ஸ்டாக் என்ற பகுதி மேலிருந்து கீழே வளரும், மாறிகள் கீழே உட்கார்ந்திருக்கும். எஸ்எம்எஸ் தயாரிக்கும் ஃபங்ஷன் எழுத்துகளை வைக்கப் பெரிய இடம் (பஃபர்) ஒன்றை ஸ்டாக்கிலேயே எடுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து, ஓடும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்டும் வந்தால் ஸ்டாக் இறங்கி மாறிகளின் மேலேயே ஏறிவிடும். அடுத்து ஓட வேண்டிய ஃபங்ஷனின் முகவரி (ஃபங்ஷன் பாயிண்டர்) இருக்க வேண்டிய நான்கு பைட்டில் எஸ்எம்எஸ் எழுத்துகள் கிடந்தன, மோட்டார் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள். பிராசசர் அதை முகவரி என்று நம்பித் தாவி, ஹார்ட் ஃபால்ட் என்ற பெரும் பிழை ஆகி, முடிவில்லாத லூப்பில் நின்றுவிட்டது. புரோகிராம் நின்றுபோனால் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாகும் ஆன் செய்யப்படவில்லை. பஃபரை ஸ்டாக்கிலிருந்து வெளியே எடுத்து, வாட்ச்டாகைப் போட்டதும் போர்டு நிற்பது நின்றது.

சரி, பயப்பட வேண்டிய பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் சர்வரில் ஏஐக்குப் படிக்கும் வசதி மட்டும்தான். எழுதுவது, ஃபிளாஷ் செய்வது, ரீசெட், பிராசசரை நிறுத்துவது ஆகிய கட்டளைகளை எடுத்துவிட்டோம். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார் ஓடும்போது பிராசசரை நிறுத்தினால், நாம் தனியாகச் சொல்லிவைக்காத வரை டைமர் மட்டும் கடைசியாகப் போட்ட பிடபிள்யூஎம் பல்ஸை விட்டுக்கொண்டே இருக்கும், கரண்டைக் கட்டுப்படுத்தும் கோடு நின்றிருக்கும், மோட்டாருக்குக் கரண்ட் விடும் மாஸ்ஃபெட் எரிந்துவிடலாம். வெறுமனே படிப்பது கூட எல்லா இடத்திலும் பாதுகாப்பில்லை. இதே சிப்பில் சீரியல் போர்ட்டின் டேட்டா ரெஜிஸ்டரைப் படித்தால் வந்த பைட்டை எடுத்தாகிவிட்டது என்று சிப் கணக்கு வைத்துக்கொள்ளும், உங்கள் கோடுக்கு அது கிடைக்காமல் போகலாம். அதனால் ராம், ஃபிளாஷ், பிழைக் காரணம் பதிவாகும் ஃபால்ட் ரெஜிஸ்டர்கள் இவற்றைத் தவிர வேறு முகவரி கேட்டால் சர்வர் மறுத்துவிடும்.

அப்புறம் உங்கள் புரோகிராம். அது உங்கள் சொத்து. ஏஐ படிக்கும் பைட்டுகள் இணையம் வழியாக வெளியே இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகின்றன, இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ராமில் விவசாயிகளின் ஃபோன் நம்பர் இருக்கும், வைஃபை பாஸ்வேர்டு இருக்கும். ஆகவே ஜாப் கார்டில் நீங்கள் சம்மதம் எழுதிக் கொடுத்தால் மட்டும் ஏஐ, அப்போதும் நம்பர், பாஸ்வேர்டு இருக்கும் இடங்களை நீங்கள் காட்டினால் சர்வரிலேயே மறைத்துவிடுவோம். வேண்டாம் என்றால் பழையபடி கையாலேயே பார்ப்போம், நாள் கூடும், கூலி கூடாது. ரீட் புரொடெக்ஷன் (வெளியிலிருந்து படிக்கவிடாத பூட்டு) போட்ட சிப்பில் ஃபிளாஷைப் படிக்க முயல மாட்டோம். அந்தப் பூட்டை எடுத்தால் ஃபிளாஷ் மொத்தமும் அழிந்துவிடும்.

இனி உங்களிடம் கேட்பது. போர்டு ஹேங் ஆனால், கன்ட்ரோல் சப்ளை தனியாக இருக்கும் பட்சத்தில், மோட்டார் லைன் எம்சிபியை இறக்கிவிட்டு கன்ட்ரோலை மட்டும் ஆனில் விட்டு எங்களைக் கூப்பிடுங்கள். தனியாக இல்லையென்றால் யோசிக்காமல் ஆஃப் செய்யுங்கள், ராமைவிட ஆள் முக்கியம். நீங்களாக லேப்டாப்பை மாட்ட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெபாசிட்டர் வழியாக சப்ளை எடுக்கும் போர்டுகளில் கிரவுண்டிலேயே மெயின்ஸ் இருக்கும், நாங்கள் அந்தக் கரண்ட் லேப்டாப்புக்கு வராமல் பிரிக்கும் ஐசொலேட்டருடன் வருவோம். ஒவ்வொரு பில்டுக்கும் எல்ஃப் ஃபைலைத் தேதி போட்டுத் தனித்தனியாக வையுங்கள். பழைய பில்டின் ஃபைல் தொலைந்துவிட்டால் போர்டை அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து, கணபதி, கோவை